தட்டி எடுப்பதா, மாற்றுவதா? திருகோணமலையில் இடிபட்ட காருக்கு

கந்தளாயிலிருந்து திரும்பி வரும் வழி. தம்பலகாமச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம், மழை இருட்டு. வீதியில் படுத்திருந்த மாடு எழும்பவும் நான் பிரேக்கை மிதிக்கவும் சரியாக இருந்தது. மாடு நொண்டிக்கொண்டே வயலுக்குள் இறங்கிப் போய்விட்டது. எங்கள் 2013 டொயோட்டா அக்வாவின் முன் இடது மூலை உள்ளே போய்விட்டது. பம்பர் கிழிந்து தொங்கியது. ஹெட்லைட்டைப் பிடிக்கும் காது உடைந்தது. மட்கார்ட் மடிந்து சில்லைத் தொட்டது. பொனட்டின் விளிம்பு நெளிந்து மேலே எழும்பி நின்றது. எங்களில் யாருக்கும் காயமில்லை.

அடுத்த வாரம் மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஊரில் பல வருடமாக டிங்கரிங் செய்கிற அண்ணை, "எல்லாத்தையும் தட்டி எடுத்திடலாம் தம்பி, ஒண்டும் வாங்கத் தேவையில்லை" என்றார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகம் விற்பவர், "நோஸ் கட் ஒண்டு இருக்கு, முன்பக்கத்தை அப்பிடியே மாத்துங்கோ" என்று தொலைபேசியில் சொன்னார். பெயின்ட் அறை வைத்திருக்கும் பெரிய கராஜ் ஒன்று, அடிபட்டதெல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்று நீண்ட பட்டியல் தந்தது. கூட்டிப் பார்த்தால் முதலாவது ஆகக் குறைவு, மூன்றாவது அதைப்போலப் பல மடங்கு.

மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. நான் கேட்ட கேள்விதான் பிழை. முழுக் காருக்கும் சேர்த்து "தட்டுவதா, மாற்றுவதா" என்று கேட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே எடுத்து, இது எந்தப் பொருளால் ஆனது, அடுத்த தடவை இடிபட்டால் இதன் வேலை என்ன, இங்கேயுள்ள கடற்காற்றில் இதன் உட்பக்கம் எப்படியாகும் என்று பார்க்க வேண்டும்.

கடற்காற்றை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் நகரத்துக்கு ஒரு பக்கம் டச்சு விரிகுடா, மறுபக்கம் உட்துறைமுகம். வெளியே நிறுத்திய சைக்கிளின் கம்பிகள் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று இங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும். மலைநாட்டில் பத்து வருடம் தாங்கும் ஒரு வெல்டிங், நிலாவெளி வீதியில் தினமும் ஓடும் காரில் அவ்வளவு காலம் தாங்காது. வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே தகடு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் இரும்பைப் பார்ப்போம். இதில்தான் ஆகப் பெரிய பிழைகள் நடக்கின்றன.

மொறிஸ் மைனர் காலத்துக் கார்களின் தகடு மென்மையான இரும்பு. சூடாக்கலாம், தட்டலாம், மறுபடி சூடாக்கலாம். கேஸ் சுடரும் சுத்தியலும் தெரிந்த கைக்கு அது களிமண் மாதிரி இணங்கும். எங்கள் டிங்கரிங்காரர்களின் கைப்பக்குவம் அந்த இரும்பில் பழகியது, அந்த இரும்புக்கு அது முழுக்கச் சரி. இன்றைய காரில் ஒரே உடம்பில் பலவகை இரும்பு இருக்கிறது. கதவின் வெளித்தகடு மென்மையானது, அதன் இழுவைப் பலம் (இழுத்தால் அறாமல் எவ்வளவு தாங்கும் என்பது) 300 மெகாபாஸ்கல் அளவில்தான். உள்ளே சட்டங்களில் 590, 780, 980 என்று ஏறிக்கொண்டே போகும். பல கார்களில் கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூணுக்குள் இருப்பது போரோன் சேர்த்த இரும்பு. அதைத் தொழிற்சாலையில் 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, அச்சுக்குள் அழுத்தும்போதே சடுதியாகக் குளிர வைப்பார்கள். அப்படித்தான் 1500 மெகாபாஸ்கல் வரை பலம் வருகிறது.

அந்தப் பலம் சூட்டாலும் குளிர்ச்சியாலும் வந்தது என்பதால், சூட்டாலேயே போயும் விடும். கராஜில் சுடரைப் பிடித்துச் சிவக்க வைத்து, அப்படியே ஆற விட்டால் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இராது. பள்ளத்தை நிரப்பும் பசையான புட்டியை வைத்துப் பெயின்ட் அடித்தால் புதுக் கார்தான். பக்கவாட்டில் ஒரு லொறி வந்து மோதும் நாளில்தான் அது தெரியும். ஆகவே தூண், சேசிஸ் சட்டம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம் ஆகியவற்றில் கேஸ் சுடர் படவே கூடாது. விலை எவ்வளவு குறைந்தாலும் இதில் நான் இறங்கிப் போகமாட்டேன்.

அப்படியானால் எதை நிமிர்த்தலாம்? வாகன உடல் திருத்தும் தொழிலில் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட விதி ஒன்று இருக்கிறது: வளைந்ததை நிமிர்த்தலாம், மடிந்ததை மாற்ற வேண்டும். வில் மாதிரி வளைந்த சட்டம் இழுத்தால் திரும்பி வரும். கடதாசி மாதிரிக் கூர்மையாக மடிந்த சட்டத்தை நிமிர்த்தினால், மடிந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு விழும். அது கம்பியை நாலு தரம் மடித்து ஒடிப்பது போலத்தான்.

எங்கள் காரில் பம்பருக்குப் பின்னால் நிற்கும் குறுக்குச் சட்டம் மடிந்திருந்தது. அது வெறும் போல்ட்டில் நிற்கும் பாகம், கழற்றி மாற்றினால் சரி. இடது சேசிஸ் முனை மெல்ல வளைந்திருந்தது. டிங்கரிங் அண்ணை முதலில் கண்ணால் பார்த்து, "ஒண்டும் இல்லை" என்றார். நான் அளக்கச் சொன்னேன். சுருள் நாடாவை எடுத்து, இரண்டு பக்கத் தொழிற்சாலைத் துளைகளுக்கும் நடுவே குறுக்காக இரண்டு தரம் அளந்தார். 6 மில்லிமீற்றர் வித்தியாசம். பொதுவாக 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. போனால் சில்லின் கோணம் சரியாக நிற்காது, பொனட்டின் இடைவெளியும் ஒரு பக்கம் அகன்று நிற்கும்.

அப்புறம் நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காரின் பின்பக்கத்தைக் கட்டிவிட்டு, முனையில் கவ்வி மாட்டி, சங்கிலியால் மெதுவாக இழுத்தார். சூடே இல்லை. சங்கிலி விறைத்து நிற்கும்போதே, வளைந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். தட்டத் தட்ட உலோகத்துக்குள் இறுகி நின்ற விசை தளர்ந்தது. சங்கிலியைத் தளர்த்தி அளந்தால் 4. மறுபடி இழுப்பு, மறுபடி தட்டல். மூன்றாவது தரம் 2 மில்லிமீற்றருக்குள் வந்தது. பெரிய இயந்திரம் இல்லாமல், பொறுமையும் அளவு நாடாவும் இருந்தால் நம்மூர்க் கராஜிலேயே இது முடியும். அளக்காமல் செய்தால் மட்டும் நம்ப வேண்டாம். பெரிய அடி என்றால், சேசிஸை மேடையில் பூட்டி இழுக்கும் வசதி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நோஸ் கட்டை அப்படியே போட நான் சம்மதிக்காததற்கும் காரணம் இந்தச் சேசிஸ் முனைதான். ஜப்பானில் வெட்டி எடுத்து வரும் முன்பகுதி மலிவு, எல்லாப் பாகமும் ஒன்றாகக் கிடைக்கும். அதிலிருந்து பொனட், ஹெட்லைட், மட்கார்ட், ரேடியேட்டர் என்று போல்ட்டில் நிற்கும் எதையும் எடுக்கலாம், நானும் எடுத்தேன். ஆனால் சேசிஸ் முனையையே வெட்டி நம் காரில் ஒட்ட வைப்பது வேறு விஷயம். முன் சட்டம் மோதலின்போது மடிந்து மடிந்து விசையைக் குடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று தயாரிப்பாளரின் திருத்தக் கையேடு சொல்கிறது. கைக்கு வசதியான இடத்தில் வெட்டி, உள்ளே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தால் அந்த இடம் தேவைக்கு மேல் விறைப்பாகிவிடும். சட்டம் மடிய வேண்டிய இடத்தில் மடியாது, காற்றுப்பை விரியும் நேரமும் குழம்பலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களுக்கு விலை ஏறியதால், வேறு நாட்டில் உடைத்து விற்றிருக்கும் கார்களையும் நாங்கள் ஒட்டி ஓட்டினோம். பாவித்த கார் வாங்கும் எவரும் முன் சட்டத்தில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது நல்லது.

இனி வெல்டிங். எங்கள் காரில் ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டின் இடது துண்டு கிழிந்திருந்ததால் அதை வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. தெரிவுகள் மூன்று. கேஸ் வெல்டிங் பெரிய பரப்பைச் சூடாக்கும், ஆகவே தள்ளிவிட்டேன். தொழிற்சாலையில் செய்வது போல இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து மின்சாரத்தால் ஒட்டும் ஸ்பொட் வெல்டிங் ஆகச் சிறந்தது. அதற்கு நல்ல இயந்திரமும் இரண்டு பக்கமும் எட்டும் இடமும் வேண்டும். நடுவில் நிற்பது மிக் வெல்டிங், அதாவது இயந்திரம் தள்ளும் மெல்லிய கம்பியை மின்சாரத்தால் உருக்கி ஒட்டுவது. புதுத் தகட்டில் 8 மில்லிமீற்றர் துளைகள் போட்டு, பழைய தகட்டின் மேல் வைத்து, ஒவ்வொரு துளையையும் நிரப்புவார்கள். சூடு சிறு வட்டத்துக்குள் நின்றுவிடும். தொடர்ந்து அடிக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாக, ஆற விட்டு ஆற விட்டு அடிக்க வேண்டும். ஊரில் கிடைக்கக்கூடியது இதுதான், எங்கள் தகட்டுக்கு இது போதும். சில கார்களுக்குத் தயாரிப்பாளரே சிலிக்கன் கலந்த செம்புக் கம்பியால் பற்றவைக்கச் சொல்வதுண்டு. அது 1000 பாகை அளவிலேயே உருகுவதால் அடித்தகடு உருகாது. அதற்குத் தனிக் கம்பியும் ஆர்கன் வாயுவும் வேண்டும்.

எந்த முறையானாலும் நாகம் (துத்தநாகம்) எரிந்து போகும். துருப்பிடிக்காமல் இருக்கத் தகட்டின் மேல் பூசிய நாகம் 420 பாகையில் உருகி, 907 பாகையில் ஆவியாகிவிடும். பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகை அதுதான். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். தயவுசெய்து கராஜ் பையன்களுக்கு முகமூடி கொடுங்கள். நாகம் போன இடத்தில் வெளிப்பக்கத்தை அரைத்து, புட்டி வைத்து மூடிவிடுவார்கள். உட்பக்கம் வெறும் இரும்பாகக் கிடக்கும். திருகோணமலையில் அந்த உட்பக்கம்தான் முதலில் சாகும். ஆகவே விலை பேசும்போதே மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பேசுங்கள்: ஒட்டும் இரு முகங்களிலும் வெல்டிங் தாங்கும் பிரைமர் (அடிப்பூச்சு), பற்றவைத்த பிறகு எபொக்சி பிரைமரும் மூட்டுகளுக்கு சீலரும், கடைசியாகப் பெட்டிச் சட்டங்களுக்குள் நீண்ட குழாயால் மெழுகு. மெழுகு ஒரு டின் வாங்கிக் கொடுத்தால் போதும். முழுச் செலவில் அது ஒரு மூலைக்கும் வராது. இதை விட்டுவிட்டு மற்ற எதில் பணம் கொட்டினாலும் வீண்.

"இப்ப பசையாலயே ஒட்டுறாங்களே?" என்று மச்சான் கேட்டார். உண்மைதான். உடல் ஒட்டும் எபொக்சிப் பசை நல்ல பொருள். 2015இலிருந்து அலுமினிய உடலோடு வந்த ஃபோர்ட் எஃப்-150 போன்ற வாகனங்கள் பசையும் ரிவெட் ஆணியும் சேர்ந்துதான் நிற்கின்றன. பசை தகடுகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரையும் புக விடாது. ஆனால் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில்தான் பசை. அமெரிக்காவின் டெக்சாஸில் 2010 ஹோண்டா ஃபிட் ஒன்றின் கூரையை வெல்டிங் செய்யாமல் பசையால் ஒட்டியது ஒரு கராஜ். பிறகு நடந்த விபத்தில் உள்ளே இருந்த தம்பதி கடுமையாகக் காயப்பட்டார்கள். 2017இல் ஜூரி அந்தக் கராஜின் பங்காக 31.5 மில்லியன் டொலர் தீர்ப்பளித்தது. நம் வீதிகளில் எவ்வளவு ஹோண்டா ஃபிட் ஓடுகிறது என்று நினைத்துப் பார்த்தேன். கூரையை மாற்றும் நிலை வந்தால் எப்படி மாட்டுகிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

பம்பருக்கு வருவோம். இங்கே திருத்துவதற்குத்தான் என் வாக்கு. கழற்றிய பம்பரின் உட்பக்கத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே பொருளின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது பிபி, அதாவது பொலிபுரொப்பிலீன். நம்மூரில் பலர் கிழிசலின் பின்னால் ஃபைபர் துணியும் பிசினும் வைத்துப் பூசுவார்கள். பிபியில் அந்தப் பிசின் ஒட்டாது. கொஞ்ச மாதத்தில் தகடாகக் கழன்று வரும். சரியான வழி, அதே பிபிக் குச்சியை உருக்கிப் பிளவுக்குள் இறக்குவது. பிளவை முதலில் கத்தியால் வாய்க்கால் மாதிரி வெட்டி, குச்சியும் பம்பரும் ஒன்றாக உருகிக் கலக்கும்படி செய்ய வேண்டும். பலத்துக்காகச் சூடாக்கிப் புதைக்கும் கம்பி ஊசிகளை உட்பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும், அதுவும் துருப்பிடிக்காத கம்பியில். பெயின்டுக்கு முன் பிளாஸ்டிக் பிரைமர். எங்கள் கிழிசல் ஒரு சாண் நீளம், ஒரு பின்னேரத்தில் முடிந்தது. மாட்டும் காதுகள் மூன்று நாலு உடைந்து, மூலையில் துண்டே காணாமல் போயிருந்தால் மட்டும் வேறு பம்பர் பாருங்கள். மலிவாக வரும் டூப்ளிகேட் பம்பரை வாங்கும் முன் காரில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பொருந்தாமல் இழுத்துத் திருகினால் அது வெயிலில் நெளியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2015க்குப் பிறகு வந்த சில மாடல்களில் முன்னால் போகும் வாகனத்தைக் கவனிக்கும் ராடார், முன் சின்னத்துக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கிறது, நாலாம் தலைமுறை பிரியஸில் உள்ளது போல. அந்த இடத்தில் தடித்த புட்டியும் பல அடுக்குப் பெயின்டும் இருந்தால் அதன் பார்வை குழம்பும். கமரா முன் கண்ணாடியின் மேலே இருந்தால், கண்ணாடி மாற்றியதும் அதை மறுபடி அளவு பிடிக்க வேண்டும். அப்படியான காருக்கு, கணினி வசதி உள்ள கராஜுக்குப் போகும் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொனட் தட்டக் கூடிய நெளிவுதான், ஆனால் உள்ளே நிற்கும் சட்டமும் மடிந்திருந்தது. தட்டினால் புட்டியில்தான் வடிவம் வரும், இயந்திரச் சூட்டிலும் அதிர்விலும் அது வெடிக்கும். புதிதின் விலை கேட்டுப் பயந்து, பாவித்தது எடுத்தேன். எடுக்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மேலெல்லாம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், காணொளி அழைப்பில். ஒட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு, ஓரிடத்தில் வழுக்கினால் அடியில் புட்டி. உப்புவெளியிலுள்ள நண்பர் ஒருவர் இதே சோதனையைத் தன் மூன்றாம் தலைமுறை பிரியஸில் செய்து, காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை என்று பதறிப்போய் வந்தார். அந்த பொனட் அலுமினியம், காந்தம் அதில் ஒட்டாது. அலுமினியத்துக்கு வேறு கவனம் வேண்டும். இரும்பு மாதிரிச் சூட்டில் நிறம் மாறாது, 660 பாகையில் ஒரு சொல்லும் சொல்லாமல் உருகி ஓட்டை விழும். இரும்புத் தூரிகையால் உரசினால் துகள் ஒட்டி, உப்புக் காற்றில் அந்த இடம் பெயின்டுக்கு அடியில் கொப்புளிக்கும். அதற்கென்று தனிக் கருவி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாவித்த பொனட் ஒன்றை மாற்றுவதே மேல்.

பெயின்ட் வெடிக்காத குழிகளை, பின்பக்கத்திலிருந்து கம்பியால் நெம்பி எழுப்பும் முறை இருக்கிறது. புட்டியும் இல்லை, பெயின்டும் இல்லை. பனம்பழமோ குரும்பையோ விழுந்து கூரையில் வரும் வழவழப்பான குழிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, தொழிற்சாலைப் பூச்சு அப்படியே தங்கும். பெயின்ட் கீறியிருந்தாலோ, குழி விளிம்பில் கூராக இருந்தாலோ சரிவராது. இது தெரிந்தவர் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். குழி ஓடிவிடாது.

பெயின்ட் வேலைக்கு மட்டும் நான் கராஜை மாற்றினேன். டிங்கரிங் அண்ணையின் இடம் திறந்த கொட்டில். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், மார்கழி தையில், காற்றிலுள்ள ஈரம் பூச்சில் இறங்கி வெண்மூட்டம் கட்டும். மழை விட்ட பிறகு தூசி. கடினமாக்கி கலந்து அடிக்கும் இரட்டைப் பொதிப் பெயின்ட், அறைக்குள் 60 பாகைச் சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் நன்றாக இறுகும். எங்கள் காரின் நிற எண் 040, சாதா வெள்ளை, நிறம் பிடிப்பது இலகு. 070 முத்து வெள்ளைக்கு மூன்று அடுக்கு வேண்டும். அதைப் பக்கத்துக் கதவுவரை மெல்லப் பரப்பி அடிக்காவிட்டால் வெயிலில் இரண்டு நிறம் தெரியும். கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவை உண்டாக்கும். துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கும் பையனைப் பார்த்தால் அவன் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எங்கள் அக்வா பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் என்பதால் ஒன்று கூடுதல். அக்வாவின் 144 வோல்ட் பற்றரி பின் இருக்கைக்கு அடியில், செம்மஞ்சள் நிறக் கம்பிகளோடு இருக்கிறது. முன்னால் வெல்டிங் என்றாலும், அந்தப் பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேவை அடைப்பானைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டுத்தான் தொட வேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் வேறு, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வேர்ட்டரைக் குளிர்விக்கும் தண்ணீர் வேறு. முன்பக்க அடியில் இந்த இரண்டாவது தொட்டியைப் பலர் பார்ப்பதில்லை. எங்கள் காரில் அதன் குழாய் நசுங்கி மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. காற்றுப்பை விரிந்த காரென்றால் பாவித்த காற்றுப்பையை மாட்டவே வேண்டாம்.

முழுக் காப்புறுதி இருந்தால், மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் எதையும் கழற்றாதீர்கள். பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே புதுச் சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்தி, படம் எடுத்து, மறுபடி அவருக்கு அறிவியுங்கள். சேசிஸ் அளவை நான் அப்படித்தான் சேர்த்தேன்.

கடைசியில் எங்கள் கார் இப்படி முடிந்தது: சேசிஸ் முனை ஊரில், சூடில்லாமல் இழுத்தது. குறுக்குச் சட்டம் புதிது. ரேடியேட்டர் தகட்டுத் துண்டு மிக் வெல்டிங். பொனட், மட்கார்ட், ஹெட்லைட் பாவித்தவை. பம்பர் எங்களுடையதே. பெயின்ட் அறை உள்ள இடத்தில். மொத்தச் செலவு ஆகக் குறைந்த விலைக்கும் ஆகக் கூடிய விலைக்கும் நடுவில், கீழ்ப்பக்கமாக நின்றது. ஆறு மாதம் கழித்து, பொனட்டைத் திறந்து வெல்டிங்கின் உட்பக்கத்துக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன். மெழுகு மஞ்சளாகப் படிந்து கிடந்தது. ஒரு மூலையில் மட்டும், மெழுகு எட்டாத இடத்தில், நகக்கண் அளவு செந்துரு. சுரண்டி, பிரைமர் தொட்டு, மறுபடி மெழுகு அடித்தேன்.